பரோயே தீவுகளில் பைலட் திமிங்கில இறைச்சி ஆய்வுகள்

பரோயே தீவுகளில் பைலட் திமிங்கில இறைச்சி ஆய்வுகள் என்பவை, வட அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ள பரோயே தீவுகளில் வேட்டையாடப்படும் நீள்துடுப்பு பைலட் திமிங்கிலத்தைப் பற்றியும், அதன் இறைச்சியையும் கொழுப்பையும் உண்ணும் மக்களின் உடல்நலத்தைப் பற்றியும் 1970களில் இருந்து நடத்தப்பட்டுவரும் அறிவியல் ஆய்வுகளைக் குறிக்கும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை மிகக் குறைந்த அளவுப் பாதரசமும் பாதிக்கக்கூடும் என்பதற்கான முதன்மையான சான்றுகளில் ஒன்று இவ்வாய்வுகளில் இருந்தே கிடைத்தது. இன்று பல நாடுகளில் கருவுற்ற பெண்களுக்கு எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று கூறப்படும் அறிவுரைகளின் பின்னணியில், ஏறத்தாழ 54,000 பேர் மட்டுமே வாழும் இத்தீவுக் கூட்டத்தின் குழந்தைகள் உள்ளனர்.

விலங்கு

பைலட் திமிங்கிலம் (வழிகாட்டித் திமிங்கிலம்) பெயரளவில் திமிங்கிலம் எனப்பட்டாலும் உயிரியல் வகைப்பாட்டின்படி ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் இரண்டு இனங்கள் உள்ளன. குளிர்ந்த கடல்களில் வாழ்வது நீள்துடுப்பு இனம் (குளோபிசெபாலா மெலாஸ்). வெப்பக் கடல்களில் வாழ்வது குறுந்துடுப்பு இனம் (குளோபிசெபாலா மேக்ரோரிங்கஸ்). கூட்டம் முழுவதும் ஒரு தலைமை விலங்கைப் பின்பற்றிச் செல்கிறது என்ற பழைய நம்பிக்கையில் இருந்து இப்பெயர் வந்தது. தமிழகக் கடற்கரைக்கு அறிமுகமானது குறுந்துடுப்பு இனமே. 1973 ஜனவரியில் மன்னார் வளைகுடாக் கரையில் 147 விலங்குகளும், 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவையும் கூட்டமாகக் கரை ஒதுங்கின. ஒன்று தரைதட்டினாலும் மற்றவை அதனை விட்டு விலகாத இந்தக் கூட்டப் பிணைப்புதான் பரோயே வேட்டையையும் இயலச் செய்கிறது.

வேட்டையும் பங்கீடும்

பரோயே தீவுகள் டென்மார்க் முடியரசுக்கு உட்பட்ட, தன்னாட்சி பெற்ற 18 தீவுகளாகும். தானியம் விளைவதற்கு ஏற்ற நிலமோ வெப்பமோ அங்கு இல்லை. ஆடு, மீன், கடற்பறவை, திமிங்கிலம் ஆகியவையே பல நூற்றாண்டுகளாக உணவாக இருந்தன. பைலட் திமிங்கில வேட்டை அங்கு கிரிந்தத்ராப் என்று அழைக்கப்படுகிறது. வேட்டை பற்றிய பதிவுகள் 1584 முதல் கிடைக்கின்றன. 1709 முதல் இன்றுவரை அவை இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஒரு காட்டு விலங்கின் வேட்டை பற்றி இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான புள்ளிவிவரம் உலகில் மிக அரிது. நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 800 விலங்குகள் ஆகும். எனினும் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை பெரிதும் வேறுபடும். ஒன்றுகூடப் பிடிபடாத ஆண்டுகளும் உண்டு.

கூட்டம் ஒன்று கரைக்கு அருகில் காணப்பட்டதும் படகுகள் அரைவட்டமாக அதனைச் சூழ்ந்து, சட்டத்தால் அனுமதிக்கப்பட்ட விரிகுடா ஒன்றினுள் செலுத்துகின்றன. கரையில் காத்திருப்போர் அவற்றைக் கொல்கின்றனர். 2015 முதல் முதுகுத்தண்டைத் துண்டிக்கும் ஈட்டியைப் பயன்படுத்துவதும், அதற்கான பயிற்சிச் சான்று பெற்றிருப்பதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன.

பங்கீட்டு முறை இவ்வாய்வுகளைப் புரிந்துகொள்வதற்கு முக்கியமானது. ஒவ்வொரு விலங்கும் அளக்கப்பட்டு "ஷின்" என்னும் பழைய அலகில் மதிப்பிடப்படுகிறது. ஒரு ஷின் என்பது 38 கிலோ இறைச்சியும் 34 கிலோ கொழுப்பும் ஆகும். வேட்டையில் பங்கேற்றவர்களுக்கும் அவ்வட்டாரத்து மக்களுக்கும் இது விலையின்றிப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இறைச்சி வேகவைத்தோ காற்றில் உலர்த்தியோ, கொழுப்பு உப்பிட்டோ, உருளைக்கிழங்குடன் உண்ணப்படுகிறது. இறைச்சி கடையில் வாங்கப்படாமல் பங்காகக் கிடைப்பதால், எந்த ஊரில் வேட்டை நடந்தது, எந்தக் குடும்பம் பங்கு பெற்றது என்பதைப் பொறுத்து ஒருவர் உண்ணும் அளவு மாறும். ஒரே நாட்டில், ஒரே மொழி பேசி, ஒரே மருத்துவ வசதியைப் பெறும் மக்களிடையே சிலர் மிகுதியாகவும் சிலர் சிறிதும் உண்ணாமலும் இருந்தனர். நச்சியல் ஆய்வாளர் ஒருவர் செயற்கையாக உருவாக்க முடியாத ஒப்பீடு இங்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

1986–1988 உயிரியல் ஆய்வு

1980களில் வேட்டைக்கு எதிராகப் பன்னாட்டு அளவில் எதிர்ப்பு எழுந்தபோது, இவ்வினத்தைப் பற்றி அடிப்படைத் தகவல்கள்கூடப் போதுமான அளவில் இல்லை என்பது தெரியவந்தது. 1986 ஜூலை முதல் ஈராண்டுகளுக்கு, கரைக்குச் செலுத்தப்பட்ட கூட்டங்களில் இருந்து மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. 43 கூட்டங்களைச் சேர்ந்த 3,488 விலங்குகள் ஆராயப்பட்டன. பற்களின் வளர்ச்சி அடுக்குகளைக் கொண்டு வயதும், இரைப்பையைக் கொண்டு உணவும், சூலகத்தைக் கொண்டு இனப்பெருக்க வரலாறும் கணிக்கப்பட்டன. உணவில் பெரும்பகுதி கணவாய் என்று தெரிந்தது. பெண் விலங்குகள் சுமார் 8 வயதிலும், ஆண் விலங்குகள் அதைவிடப் பல ஆண்டுகள் பிந்தியும் முதிர்ச்சி அடைகின்றன. பெண் விலங்குகள் ஐம்பது வயதைக் கடந்தும் வாழக்கூடியவை.

இவற்றுள் பலரும் எதிர்பாராத முடிவு மரபணு ஆய்வில் இருந்து வந்தது. வில்லியம் ஆமோஸ், கிறிஸ்டியன் ஷ்லோட்டரர், டீதார்ட் டவுட்ஸ் ஆகியோர் 1993 இல் "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, வளர்ந்த ஆண் விலங்குகளும் தாம் பிறந்த கூட்டத்திலேயே தாயுடன் தங்கிவிடுகின்றன. ஆனால் அக்கூட்டத்தில் பிறக்கும் கன்றுகளுக்கு அவை தந்தையாக இருப்பதில்லை. கூட்டங்கள் சந்திக்கும்போது இனச்சேர்க்கை நடைபெற்று, பின்னர் ஒவ்வொன்றும் தன் தாய்வழிக் கூட்டத்துடன் செல்கின்றன. பாலூட்டிகளில் ஆண், பெண் இரண்டுமே பிறந்த குழுவைவிட்டு நீங்காமல் இருப்பது அரிது. விரிகுடாவில் கொல்லப்படும் ஒரு கூட்டம் தற்செயலாகச் சேர்ந்த விலங்குகள் அல்ல, ஒரு குடும்பம் என்பது இதன் பொருள். வேட்டையில் இருந்தே பெறப்பட்ட மாதிரிகள்தாம் இதை நிறுவின.

1987, 1989 ஆம் ஆண்டுகளின் கடற்கணக்கெடுப்புகளைக் கொண்டு வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 7,78,000 பைலட் திமிங்கிலங்கள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. வேட்டையால் இவ்வினம் அழியும் நிலையில் இல்லை என்று பரோயே அரசு வாதிடுவதற்கு இத்தகைய மதிப்பீடுகளே அடிப்படை. பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் சிறிய திமிங்கில இனங்களின் வேட்டையை ஒழுங்குபடுத்துவதில்லை. 1992 இல் பரோயே, ஐஸ்லாந்து, நோர்வே, கிரீன்லாந்து ஆகியவை இணைந்து உருவாக்கிய வட அட்லாண்டிக் கடற்பாலூட்டி ஆணையம் இதனைக் கவனித்துவருகிறது.

பாதரசம் சேரும் வழி

பரோயே தீவுகளில் பாதரசத்தை வெளியேற்றும் பெருந்தொழிற்சாலைகள் இல்லை. உலகெங்கும் நிலக்கரி எரிப்பு, தங்கச் சுரங்கத் தொழில் போன்றவற்றாலும், எரிமலைகளாலும் வெளியேறும் பாதரச ஆவி காற்றில் நெடுந்தூரம் பயணித்துக் கடலில் படிகிறது. அங்கு நுண்ணுயிரிகள் அதனை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. இது உடலில் இருந்து மெதுவாகவே வெளியேறுவதால், உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே செல்கிறது. பைலட் திமிங்கிலம் சங்கிலியின் உச்சிக்கு அருகில் இருப்பதுடன் பல பத்தாண்டுகள் வாழ்வதும் ஆகும். எனவே அதன் இறைச்சியில் சராசரியாகக் கிராமுக்கு 2 மைக்ரோகிராம் அளவில் பாதரசம் காணப்பட்டுள்ளது. பரோயே மக்கள் அன்றாடம் உண்ணும் காட் மீனில் இருப்பது இதில் மிகச் சிறு பங்கே. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அளவு இன்னும் மிகுதி.

தோலடிக் கொழுப்பில் சேர்வது வேறு நச்சு. மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் முன்பு பயன்பட்ட பிசிபி என்னும் குளோரின் சேர்மங்கள் கொழுப்பில் கரையக்கூடியவை. தாய்த் திமிங்கிலம் பாலூட்டும்போது இவற்றில் பெரும்பகுதியைக் கன்றுக்குக் கடத்திவிடுகிறது. இதனால் வளர்ந்த பெண் விலங்குகளில் பிசிபி அளவு ஆண் விலங்குகளைவிடக் குறைவாக உள்ளது. மனிதத் தாய்க்கும் இதே வழி பொருந்தும் என்பதே மருத்துவர்களின் கவலைக்குக் காரணம்.

மெதைல் பாதரசம் பெருமளவில் உட்கொள்ளப்பட்டால் என்ன நேரும் என்பது 1956 இல் ஜப்பானின் மினமாட்டாவிலும், 1971–72 இல் பாதரச மருந்திட்ட விதைத் தானியத்தை மக்கள் உண்ட ஈராக்கிலும் ஏற்கனவே தெரிந்துவிட்டது. இரு இடங்களிலும் தாய் ஓரளவு நலமாக இருக்கும்போதே குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நச்சுவிபத்து எதுவும் நிகழாத, வழக்கமான உணவை உண்ணும் ஊரில் என்ன நேர்கிறது என்பதே விடையில்லாமல் இருந்த கேள்வி.

குழந்தைகள் ஆய்வு

இக்கேள்விக்கு விடை காண டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிலிப் கிராண்ட்ழான், பரோயே மருத்துவர் பால் வைஹே ஆகியோர் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினர். 1986 மார்ச் முதல் 1987 டிசம்பர் வரை பிறந்த 1,022 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். பிறப்பின்போது தொப்புள்கொடி இரத்தமும் தாயின் தலைமுடியும் சேகரிக்கப்பட்டுப் பாதரச அளவு கணிக்கப்பட்டது. முடியில் பாதரசம் படிந்து நிலைத்துவிடும். முடியின் வளர்ச்சியைக் கொண்டு எந்த மாதத்தில் எவ்வளவு உட்கொள்ளப்பட்டது என்பதையும் அறியலாம். தொப்புள்கொடி இரத்தத்தின் சராசரி (பெருக்குச் சராசரி) லீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோகிராமாக இருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட பாதுகாப்பான அளவுடன் ஒப்பிட்டால் இது நான்கு மடங்கு ஆகும்.

இக்குழந்தைகள் 7 வயதை எட்டியபோது, 1993–94 இல், அவர்களில் 917 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு 90 விழுக்காட்டினரைத் திரும்ப வரவழைக்க முடிந்தது இத்தகைய ஆய்வுகளில் எளிதில் காண இயலாத ஒன்று. விரலால் தட்டும் வேகம், திரையில் உருவம் தோன்றியதும் பொத்தானை அழுத்த எடுத்துக்கொள்ளும் நேரம், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுதல், சொற்பட்டியலை நினைவில் வைத்துத் திரும்பக் கூறுதல் போன்ற தேர்வுகள் நடத்தப்பட்டன. 1997 இல் வெளியான முடிவுகளின்படி மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில், பிறப்பின்போதான பாதரச அளவு கூடக் கூட மதிப்பெண் குறைந்தது. இயக்கத் திறனிலும் இடவுணர்விலும் இத்தொடர்பு குறைவாகவே இருந்தது. பாதரச அளவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் வளர்ச்சி ஒன்றரை முதல் இரண்டு மாதங்கள் பின்தங்குவதற்குச் சமமான வேறுபாடு காணப்பட்டது.

இதனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இக்குழந்தைகள் நோயாளிகள் அல்லர். எந்த ஒரு குழந்தையையும் தனியாகப் பார்த்து "இது பாதரசத்தால்" என்று எந்த மருத்துவராலும் கூற முடியாது. தொள்ளாயிரம் குழந்தைகளின் மதிப்பெண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மட்டுமே தெரியும் சரிவு அது. ஆனால் ஒரு மக்கள்தொகை முழுவதற்கும் ஏற்படும் சிறு சரிவு, தனியொருவருக்கு ஏற்படும் பெரும் பாதிப்பைவிடப் பொதுநலத்துக்குக் குறைந்த இழப்பன்று.

அதே குழந்தைகள் 14 வயதிலும் 22 வயதிலும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். குறைபாடுகள் காலப்போக்கில் மறையவில்லை. 2016 இல் வெளியான முடிவின்படி, பாதரச அளவு பத்து மடங்காகும்போது நுண்ணறிவு ஈவு சுமார் 2.2 புள்ளிகள் குறைந்தது.

செஷெல்ஸ் ஆய்வுடன் முரண்பாடு

பரோயே ஆய்வு ஐயத்துக்கு உட்படாமல் ஏற்கப்பட்டுவிடவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷெல்ஸ் தீவுகளில் ஏறத்தாழ இதே காலத்தில் மற்றொரு குழு 779 தாய்–சேய் இணைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அங்கு தாய்மாரின் முடியில் இருந்த பாதரசம் பரோயேயைவிட மிகுதி. ஆயினும் குழந்தைகளிடம் பாதிப்பு காணப்படவில்லை. செஷெல்ஸ் மக்கள் உண்டது பலவகைக் கடல்மீன், திமிங்கிலம் அல்ல. மீனில் உள்ள கொழுப்பு அமிலங்கள் மூளை வளர்ச்சிக்கு உதவிப் பாதரசத்தின் தீங்கை ஈடுசெய்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் கூறப்பட்டது. பரோயேயில் வேட்டை நடந்த வாரங்களில் திடீரென மிகுதியாக உண்பதே காரணம் என்றும், உண்மையான குற்றவாளி பாதரசமன்று, கொழுப்பில் உள்ள பிசிபியே என்றும் வேறு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. பிசிபி அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபகுப்பாய்வு செய்தபோதும் பாதரசத் தொடர்பு பெரும்பாலும் நீடித்தது.

அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 2000 ஆம் ஆண்டில் இரு ஆய்வுகளையும் சீர்தூக்கி, வரம்பு நிர்ணயிக்கப் பரோயே ஆய்வையே அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் லீட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்ற அளவைத் தொடக்கமாகக் கொண்டு, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கும் அறியப்படாதவற்றுக்கும் இடம்விட்டு அதனைப் பத்தால் வகுத்து 5.8 என்ற அளவு பெறப்பட்டது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்னும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு இதில் இருந்து வந்தது. சூரை, சுறா போன்ற பெருமீன்களைக் கருவுற்ற பெண்கள் குறைத்து உண்ண வேண்டும் என்ற அறிவுரைகள் இத்தகைய கணக்குகளைச் சார்ந்தவை.

பிற நச்சுகள்

1997–2000 காலத்தில் பிறந்த பரோயே குழந்தைகளைக் கொண்ட பிந்தைய ஆய்வு ஒன்று, நீர்புகாத் துணி, ஒட்டாத பாத்திரம் ஆகியவற்றின் தயாரிப்பில் பயன்படும் புளோரின் சேர்மங்களைக் கவனித்தது. திமிங்கில இறைச்சி இவற்றுக்கும் ஒரு வழி ஆகும். 2012 இல் வெளியான முடிவின்படி, ஐந்து வயதில் குருதியில் இச்சேர்மங்கள் இருமடங்காக இருந்த குழந்தைகளிடம், ஏழு வயதில் தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பரோயேயில் பார்க்கின்சன் நோய் எதிர்பார்க்கப்படுவதைவிட ஏறக்குறைய இருமடங்காகக் காணப்படுவதும், நோயாளிகள் திமிங்கிலத்தை மிகுதியாக உண்டவர்களாக இருந்ததும் பதிவு செய்யப்பட்டுள்ளன. எனினும் இது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிறுவப்படவில்லை.

உணவுப் பரிந்துரைகள்

1977 இல் முதல் அளவீடுகளைத் தொடர்ந்து, வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் திமிங்கில இறைச்சி உண்ண வேண்டாம் என்று பரோயே நலவாழ்வுத் துறை கூறியது. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் விலக்கப்பட்டன. 1998 இல் பரிந்துரை கடுமையாக்கப்பட்டது: வளர்ந்தோர் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை மட்டும், கருவுற விரும்புவோரும் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும், பெண்கள் தமக்கு வேண்டிய குழந்தைகளைப் பெற்று முடிக்கும்வரை கொழுப்பை உண்ணவே கூடாது. மீன் உண்பதை மருத்துவர்கள் எப்போதும் ஊக்குவித்தே வந்தனர்.

பெண்கள் இதனைக் கேட்டு நடந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அறிவுரைக்குப் பின் இளம்பெண்களின் முடியில் பாதரசம் குறைந்தது. பிற்காலத்தில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலும் 1986–87 அளவுகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. மருத்துவ அறிவுரை ஒரு சமூகத்தின் உணவை இவ்வளவு விரைவாக மாற்றிய எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை.

2008 இல் தலைமை மருத்துவ அலுவலர் ஹோக்னி தெபெஸ் யோயென்சன், பால் வைஹே ஆகிய இருவரும் அரசுக்கு எழுதிய கடிதத்தில், பைலட் திமிங்கிலத்தை இனி மனித உணவாகப் பயன்படுத்தக் கூடாது என்று பரிந்துரைத்தனர். இருவரும் அந்நாட்டவர். பல நூற்றாண்டுகளாகத் தம் மக்களை உயிரோடு வைத்திருந்த உணவைப் பற்றி வருத்தத்துடனேயே இவ்வாறு கூற நேர்ந்ததாக அவர்கள் குறிப்பிட்டனர். வேட்டையின் கொடுமை பற்றிய வாதத்தில் அவர்கள் இறங்கவில்லை. வேட்டையை எதிர்க்கும் அமைப்புகள் இக்கடிதத்தை மேற்கோள் காட்டிவருவதால், உள்ளூரில் சிலர் இதனை வெளியாரின் வாதமாகவே பார்க்கின்றனர். எழுதியோரின் நோக்கம் அதுவன்று.

அரசு இப்பரிந்துரையை முழுமையாக ஏற்கவில்லை. 2011 இல் உணவுப் பாதுகாப்புத் துறை, மாதத்துக்கு ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்ற மிதமான அறிவுரையை வெளியிட்டது. கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் உரிய விலக்கு அதிலும் உண்டு. இறைச்சி முன்போலவே விலையின்றிப் பங்கிடப்படுகிறது.

ஜப்பானில்

ஜப்பானின் வகயாமா மாநிலத்தில் உள்ள தாய்ஜி ஊரில் குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலம் உண்ணப்படுகிறது. மினமாட்டா நோய்க்கான தேசிய ஆய்வு நிறுவனம் அவ்வூர் மக்கள் 1,137 பேரின் முடியைச் சோதித்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்களின் சராசரி மில்லியனில் 11 பங்கு, பெண்களின் சராசரி 6.63 பங்கு எனவும், இவை ஜப்பானின் பிற பகுதிகளைவிட நான்கு மடங்கு மிகுதி எனவும் அறியப்பட்டது. பாதரச நச்சுக்கான நோய்க்குறிகள் எவரிடமும் காணப்படவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. பரோயே ஆய்வு அளந்ததோ நோய்க்குறிகளை அல்ல. பிறப்பில் இருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளின் தேர்வு மதிப்பெண்களை. எனவே இவ்விரு முடிவுகளையும் நேராக ஒப்பிட இயலாது.